செல்லரிச்ச புத்தகத்துக்கு மூணு வழி: புதுசு வாங்கறதா, ஸ்கேன் பண்றதா, கண்டம் பண்றதா?

போன ஐப்பசி அடைமழையில எங்க சேலம் அம்மாபேட்டை படிப்பகத்தோட தெக்கு செவுரு ஊறிப்போச்சு, நாங்க கூரை ஒழுகுதான்னு மட்டும் பாத்துட்டு செவுத்தப் பாக்காம விட்டுட்டோம், தை பொறந்து வெள்ளையடிக்கலாம்னு அலமாரிய நகத்துனா பின்னாடி புத்து ஏறியிருக்கு, கீழ் ரெண்டு தட்டும் செல்லு, அதான் கரையான். தட்டித் தட்டி எடுத்து திண்ணையில அடுக்கி எண்ணுனோம். 340 புத்தகம்.

அன்னிக்கு சாயங்காலமே கமிட்டியில மூணு கட்சி ஆயிருச்சு. செயலாளர் அண்ணன் சொல்றார், எல்லாத்தையும் கண்டம் பண்ணிட்டு, அதாவது கணக்குல இருந்து கழிச்சுத் தள்ளிட்டு, புதுசா வாங்கிரலாம், நன்கொடை நான் பாத்துக்கறேன்னு. இஞ்சினியரிங் படிக்கிற தம்பி ஒருத்தன், எதுக்கு அண்ணா காசு, போன்லயே ஸ்கேன் பண்ணி டிரைவ்ல ஏத்திரலாம்ங்கறான். தறி ஓட்டி ரிட்டயர்டு ஆன பெரியவர் ஒருத்தர் ஒரே பிடி, ஒரு தாள் கூட வாசப்படி தாண்டக்கூடாதுன்னு. நான் ஒரு காலேஜ் லைப்ரரில 26 வருஷம் இருந்தவன், அதுல பாதி வருஷம் பைண்டிங் மேசையில போச்சு, அதனால "நீங்களே சொல்லுங்க"ன்னு எந்தலையில கட்டிட்டாங்க. மூணு பேர் சொன்னதும் சரிதான், ஆனா மூணும் ஒரே புத்தகத்துக்குப் பொருந்தாது, அதை எழுதி வெச்சுட்டா நல்லதுன்னு தோணுச்சு.

முதல்ல புத்தகம் எதனால கெட்டுதுன்னு பாக்கணும். வெளிய இருந்து வர்ற கேடு ஒண்ணு, உள்ளயே இருக்குற கேடு ஒண்ணு. செல்லு, ராமபாணப் பூச்சி, தண்ணி, பூஞ்சை, எலி, பேனாவுல கோடு போடுற மகராசன் இதெல்லாம் வெளிக்கேடு, தாள் நல்லா இருந்தா இதுல இருந்து மீட்டுரலாம். உள்கேடு வேற மாதிரி. போன நூற்றாண்டுக்கும் முந்துன நூற்றாண்டோட பின்பாதியில இருந்து தாளை மரக்கூழ்ல செய்ய ஆரம்பிச்சாங்க, மை ஊறாம இருக்க படிகாரமும் ரோசின்ங்கற மரப்பிசினும் சேத்தாங்க, அந்தப் படிகாரம் காத்துல இருக்குற ஈரத்தோட சேந்து மெல்ல அமிலமாகி தாளையே தின்னுரும். நியூஸ்பிரிண்ட் தாள்ல மரத்தை இறுக்கிப் புடிக்கிற லிக்னின்ங்கற பொருளும் அப்படியே இருக்கறதால சீக்கிரம் காவி ஏறி அப்பளமாயிரும். டெஸ்ட் ஈசி, எழுத்து இல்லாத ஒரு பக்கத்து மூலைய மடிங்க, திருப்பி மடிங்க, ரெண்டு மூணு மடிப்புல ஒடிஞ்சு கையோட வந்துட்டா அந்தத் தாளுக்கு ஆயுசு முடிஞ்சுது, இனிமே பைண்டு பண்ணாலும் ஊசி போட்ட எடத்துல எல்லாம் கிழியும்.

இதுல நம்ம ஊர் வெயிலும் ஒரு கை பாக்கும். பத்து டிகிரி சூடு ஏறுனா தாள் கெடுற வேகம் ஏறக்குறைய ரெண்டு மடங்கு ஆகும்னு ஒரு தோராயக் கணக்கு உண்டு, சேலத்துல சித்திரை வைகாசியில தகரக் கொட்டாய்க்கு கீழ பரண்ல போட்டு வெச்ச புத்தகம் என்ன கதியாகும்னு நீங்களே கணக்கு போட்டுக்கோங்க. அப்ப ஏற்காட்ல கொண்டு போய் வெச்சா நல்லதான்னு ஒருத்தர் கேட்டார். நல்ல கேள்விதான், 20 கொண்டை ஊசி வளைவு ஏறி 1500 மீட்டர் உசரத்துக்குப் போனா சூடு கம்மி, ஆனா மூடுபனி சன்னல் வழியா வீட்டுக்குள்ளயே வந்து உக்காரும். என் தங்கச்சி அங்கதான் குடியிருக்கா, அவ வீட்டு அலமாரியில காப்பிக்கொட்டை வாசமும் பூஞ்சை வாசமும் கலந்தே அடிக்கும். காத்துல ஈரம் 65, 70 சதவீதத்தைத் தாண்டி நின்னா பூஞ்சை புடிக்க ஆரம்பிச்சுரும். ஆக கீழ வெயிலும் செல்லும், மேல ஈரமும் பூஞ்சையும், எங்க வெச்சாலும் வாரத்துக்கு ஒருக்கா எடுத்துப் பாக்குற கைதான் மருந்து.

இப்ப வழிகளுக்கு வரேன். புதுசு வாங்கறது இருக்கறதுலயே சுலபம், நிறைய பேர் விரும்பிப் படிக்கிற கதைப் புத்தகம், திருக்குறள் உரை, பள்ளிப் பசங்களுக்கான அகராதி, இந்த மாதிரி பதிப்புல இருக்குற எதுக்கும் இதுதான் சரி. ஒரு புத்தகத்தை ஒட்டி, தைச்சு, அட்டை போட்டு எடுக்க ஆகுற கூலிய விட புதுசோட விலை கம்மின்னா யோசிக்கவே வேண்டாம். ஆனா புதுசு வாங்குறப்ப ரெண்டு விஷயத்துல ஏமாறுவோம். முதலாவது, மறுபதிப்புல பழைய முன்னுரை இருக்காது, படம் இருக்காது, பின்னிணைப்பு காணாமப் போயிருக்கும், எடுத்துப் பக்கத்துக்குப் பக்கம் வெச்சுப் பாத்தாதான் தெரியும். எங்ககிட்ட பொன்னியின் செல்வன் தொடரா வந்தப்ப வாராவாரம் கல்கி பத்திரிகையில இருந்து பக்கத்தைக் கிழிச்சு சேத்து வெச்சு யாரோ ஒரு புண்ணியவான் காலிகோ துணி அட்டையில பைண்டு பண்ணுன தொகுப்பு ஒண்ணு இருக்கு, 1950ல இருந்து 54 வரைக்கும் வந்தது. கதை வேணும்னா எந்தக் கடையிலயும் கிடைக்கும், கல்கியோட எழுத்து நாட்டுடைமை ஆனதால நெட்லயும் ஓசியிலயே கிடைக்குது, ஆனா அந்தத் தொகுப்புல மணியம் வரைஞ்ச படம் வந்தது வந்தபடி இருக்கு, பக்கத்துப் பத்தியில அந்தக் காலத்து விளம்பரம் இருக்கு. செயலாளர் அண்ணன் கணக்குல அது "டேமேஜ் ஆன நாவல், புதுசு வாங்கவும்". எனக்கு அது வேற பொருள்.

இன்னொண்ணு, இப்ப வர்ற புத்தகம் பாதிக்கு மேல பெர்ஃபெக்ட் பைண்டிங், பேர்தான் பெர்ஃபெக்ட், முதுகுல வெறும் கோந்து, பத்து பேர் வாங்கிட்டுப் போனா இட்லிப் பானையில இருந்து வந்த மாதிரி தனித்தனியா கழண்டு வரும். படிப்பகத்துக்கு வாங்குனா அலமாரிக்குப் போறதுக்கு முன்னாடியே ஓரத்துல ஒரு தையல் போட்டு வாங்கிருங்க.

கூட்டத்துல யாருமே பேசாத வழி ஒண்ணு இருக்கு, திரும்ப பைண்டு பண்றது. தாள் மடிப்பு டெஸ்ட்ல பாஸாகி, அட்டையும் முதுகும் மட்டும் போன புத்தகத்துக்கு இதை மிஞ்சி எதுவும் கிடையாது. நம்ம பக்கத்து பைண்டருங்க மைதா பசையில மயில்துத்தம் கலக்குவாங்க, பூச்சி வராதுன்னு, பரம்பரையா பண்றது. கிழிஞ்ச எடத்துல மெல்லிசான ஜப்பான் டிஷ்யூ தாளை வெச்சு கஞ்சிப் பசையில ஒட்டுனா எழுத்து மறையாது, பின்னாடி வேணும்னா ஈரம் காட்டி உரிச்சும் எடுத்துரலாம். திருப்பி எடுக்க முடியாத எதையும் புத்தகத்து மேல போடாதீங்க, அதுல முதல் எதிரி செல்லோடேப். போட்ட அன்னிக்கு கண்ணாடி மாதிரி இருக்கும், பத்து வருஷம் கழிச்சு டேப் விழுந்துரும், பசை மட்டும் பழுப்புக் கறையா தாளுக்குள்ள எறங்கி நிக்கும், அதை எடுக்க எந்தச் சாமி வந்தாலும் முடியாது. லேமினேஷன் பண்ணிரலாமான்னும் கேட்டாங்க. ரேஷன் கார்டுக்குப் பண்ணுங்க.

செல்லும் பூச்சியும் உசுரோட இருக்குற கட்டை முதல்ல தனியா வைக்கணும், நல்ல அலமாரிப் பக்கமே கொண்டு போகக்கூடாது. பிளாஸ்டிக் பையில காத்துப் போகாம கட்டி மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசர்ல ஒரு வாரம் வெச்சு எடுத்தா பூச்சியும் முட்டையும் செத்துரும், வெளிய எடுத்ததும் பையைப் பிரிக்காம ஒரு நாள் விடணும், இல்லைன்னா வேர்த்து ஈரமாயிரும். நனைஞ்ச புத்தகம்னா ரெண்டு நாளைக்குள்ள காய வெச்சாகணும், ஃபேன் காத்துல, நிழல்ல, பக்கத்துக்கு நடுவுல வெத்துத் தாள் வெச்சு. நாங்க வெயில்ல காயப்போட்டோம், அத்தனையும் முறுக்கு மாதிரி வளைஞ்சு நின்னுச்சு. பூஞ்சைப் புத்தகத்தைத் தட்டுறப்ப மாஸ்க் போட்டுக்கோங்க, இதுல வீரம் வேண்டாம்.

அடுத்தது ஸ்கேன். இங்கதான் எல்லாருக்கும் ஆசை அதிகம், ஏமாத்தமும் அதிகம். தம்பி முதல் வாரமே ஆர்வமா எங்ககிட்ட இருந்த சேலம் டிஸ்ட்ரிக்ட் கெஸட்டியர (மாவட்ட விவரம் எல்லாம் தொகுத்த புத்தகம்) எடுத்துட்டு உக்காந்துட்டான், ரிச்சர்ட்ஸ் துரை எழுதி 1918ல வந்தது, முதுகு ஒடிஞ்சு ஓரம் எல்லாம் பொரிஞ்சு கெடந்துச்சு. ரெண்டு நாள் ராத்திரி முழிச்சு பாதி முடிச்சிருப்பான், நான் போய் இன்டர்நெட் ஆர்க்கைவ்ங்கற இலவச ஆன்லைன் நூலகத்துல தேடுனா முழுசா இருக்கு, அதுக்கு முன்னாடி 1883ல லெ ஃபானு எழுதுன சேலம் மேனுவலும் இருக்கு. பையன் மூஞ்சி தொங்கிப் போச்சு. ஆகவே ஸ்கேனரைத் தொடுறதுக்கு முன்னாடி தேடுங்க. தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகத்துல பழைய தமிழ்ப் புத்தகம் குவிஞ்சு கெடக்கு, இன்டர்நெட் ஆர்க்கைவ்ல டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியா காலத்து ஸ்கேன் ஏராளம், 1998ல இருந்து ஓடுற மதுரைத் திட்டத்துல இலக்கியம் எல்லாம் டைப் பண்ணியே வெச்சிருக்காங்க, சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துல இருக்கான்னு கேட்டலாக்ல பாத்துரலாம். ஒரு தலைப்புக்கு பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷம் ரெண்டு ராத்திரிய மிச்சம் பண்ணும்.

எங்கயும் இல்லைன்னா ஸ்கேன் பண்ணத்தான் வேணும். ஆனா ஒடியுற தாளை ஜெராக்ஸ் மெஷின் மாதிரி கவுத்துப் போட்டு அமுக்குனா ஸ்கேன் முடியறப்ப புத்தகமும் முடிஞ்சுரும், மேல இருந்து படம் புடிக்கணும், புத்தகம் முழுசா விரியாம வி மாதிரி சாய்ஞ்சு படுக்குற தாங்கி ஒண்ணு தச்சர்கிட்ட பலகையில செஞ்சுக்கலாம். டெம்மி சைஸ் பக்கம் 400 டிபிஐ (அங்குலத்துக்கு 400 புள்ளி) கலர்ல சுருக்காத டிஃப் ஃபைலா எடுத்தா ஒரு பக்கம் 22 எம்பி பக்கம் வரும், 200 பக்கப் புத்தகம் நாலரை ஜிபி. படிக்கறதுக்கு சின்ன பிடிஎஃப் தனியா போட்டுக்கலாம், ஆனா மூல ஃபைல் பெருசாவே இருக்கணும். வாட்ஸப்ல அனுப்பி எறக்குனதெல்லாம் மூலம்னு வெச்சுக்காதீங்க. படத்துல இருக்குற எழுத்தைப் படிச்சு டைப்பா மாத்துற ஓசிஆர் தமிழுக்கு இப்ப பரவால்ல, நல்லாவே படிக்குது, ஆனா 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னாடி அடிச்ச புத்தகத்துல கொம்பு போட்ட லை, னை, சுழிச்ச றா, னா எல்லாம் வர்ற எடத்துல தடுமாறும், உக்காந்து திருத்த ஆள் வேணும். இடம் ஒரு பிரச்சனையே இல்ல, ஹார்டு டிஸ்க் மலிவு, ஆளோட நேரம்தான் விலை. நாங்க ரெண்டு பேர் சேந்து 200 பக்கத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆக்குனோம், விட்டுப்போன பக்கத்தைத் தேடி திரும்ப எடுத்தது தனி. 340ஐயும் பண்ணனும்னா 500 மணி நேரத்தைத் தாண்டும், ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் வர்ற கூட்டத்துக்கு அது அஞ்சு வருஷ வேலை.

ஸ்கேன் பண்ணுனா புத்தகம் பொழைச்சுதுன்னு நெனைக்கிறதும் தப்பு. நான் வேலை பாத்த எடத்துல ஒரே ஒரு ஹார்டு டிஸ்க்ல 60 புத்தகம் ஏத்தி பீரோவுல பூட்டி வெச்சோம், மூணு வருஷம் கழிச்சு போட்டா டிக் டிக்னு சத்தம் மட்டும் வந்துச்சு, அவ்வளவுதான். செல்லு கூட ஓரத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமா தின்னும், ஹார்டு டிஸ்க் ஒரே வாய்ல முழுங்கிரும். மூணு காப்பி, ரெண்டு வேற வேற சாதனத்துல, ஒண்ணு வேற ஊர்ல. எங்களுது ஒண்ணு தங்கச்சி வீட்ல ஏற்காட்ல இருக்கப் போகுது, டிஸ்க்கை டப்பாவுல ஈரம் உறிஞ்சுற சிலிக்கா ஜெல் போட்டு வெச்சுக்குவா. ஃபைலுக்குப் பேரு ஐஎம்ஜி 4471னு விட்டுட்டா பத்து வருஷம் கழிச்சு யாருக்கும் பிரயோஜனம் இல்ல, தலைப்பு, வருஷம், எங்க ஆக்சஷன் நம்பர் (ரிஜிஸ்டர்ல ஏத்துன வரிசை நம்பர்) மூணும் பேர்லயே இருக்கணும்.

காப்பிரைட்டையும் சொல்லிரணும். ஆசிரியர் இறந்த அடுத்த வருஷத்துல இருந்து 60 வருஷம் உரிமை இருக்கு, அது முடிஞ்ச புத்தகத்தையும் நாட்டுடைமை ஆன புத்தகத்தையும் தாராளமா போடலாம். உரிமை இருக்குற புத்தகத்தையும், லாபம் பாக்காத பொது நூலகம் தன்கிட்ட அச்சுப் பிரதி இருந்தா பாதுகாப்புக்காக டிஜிட்டலா சேமிச்சு வெச்சுக்கலாம்னு 2012 திருத்தத்துல வந்திருக்கு. சேமிக்கறது வேற, உலகத்துக்கே லிங்க் கொடுக்கறது வேற. தம்பிக்கு இதைப் புரிய வைக்கத்தான் ஒரு டீ செலவாச்சு.

கடைசி, கண்டம். இந்த வார்த்தையச் சொன்னாலே நம்ம ஆளுங்களுக்கு உதறும். புத்தகத்துல கால் பட்டா தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிற ஊரு, அதைக் கிலோக் கணக்குல போட மனசு வருமா. அரசாங்க லைப்ரரின்னா பயம் வேற, ஆடிட்ல கேப்பாங்க. ஆனா மத்திய அரசோட பொது நிதி விதியிலயே ஆயிரம் புத்தகம் இரவல் போனா வருஷத்துக்கு அஞ்சு தொலையறது சகஜம்னு ஏத்துக்கறாங்க, கவனக்குறைவோ திருட்டோ இல்லாம இருந்தா போதும், ஆயிரம் ரூபாய்க்கு மேல உள்ளதுக்கும் அரிய புத்தகத்துக்கும்தான் கட்டாய விசாரணை. அமெரிக்காவுல டெக்சஸ் மாநில நூலகம் 1976லயே கழிக்கறதுக்குன்னு ஒரு கையேடு போட்டுச்சு, அதோட இப்ப இருக்குற பதிப்புல தப்பான தகவல், கந்தல், புதுப் பதிப்பு வந்தாச்சு, சாரமில்ல, நம்ம வாசகருக்கு வேண்டாம், வேற எடத்துல கிடைக்கும், இந்த ஆறுல எது பொருந்துதுன்னு பாருன்னு. எங்ககிட்ட இருந்த பழைய டிஎன்பிஎஸ்சி கைடு, விண்டோஸ் 98 கத்துக்கோங்க, மாறிப்போன வருமான வரிச் சட்டம், இதெல்லாம் நல்லா இருந்தாலே கழிக்க வேண்டியது, செல்லு நமக்கு உபகாரம்தான் பண்ணியிருக்கு. பழைய மருத்துவக் கைடு அலமாரியில இருக்கறது ஆபத்துங்க, யாராவது எடுத்துப் படிச்சு மருந்து சாப்பிடுவாங்க.

கழிக்கறதுக்கும் முறை இருக்கு. ரிஜிஸ்டர்ல ஆக்சஷன் நம்பருக்கு நேரா தேதியோட எழுதணும், கமிட்டி கையெழுத்து வேணும், புத்தகத்துல கழிக்கப்பட்டதுன்னு முத்திரை போடணும், இல்லைன்னா ரெண்டு மாசம் கழிச்சு யாராவது பழைய புத்தகக் கடையில பாத்துட்டு உங்க புத்தகத்தைத் திருடி வித்திருக்காங்கன்னு கொண்டு வந்து கொடுப்பாங்க. அதுக்கும் முன்னாடி முக்கியமா, கட்டைப் பிரிச்சு ஒவ்வொண்ணா பாக்கணும்.

இதை ஏன் அழுத்திச் சொல்றேன்னா நான் பாக்கல. பல வருஷம் முன்னாடி இதே படிப்பகத்துல இடம் போதலன்னு நானே முன்னாடி நின்னு பேப்பர்காரருக்கு எடை போட்டேன். தடியான நாவல் எல்லாத்தையும் பத்திரமா எடுத்து வெச்சேன், மெல்லிசா கட்டுக் கட்டா கெடந்ததை நோட்டீஸ் குப்பைன்னு போட்டுட்டேன். அதுல அம்பதுகள்ல வந்த நெசவாளர் கூட்டுறவு சங்கத்து ஆண்டு மலர் இருந்துச்சு, எந்தத் தெருவுல எத்தனை தறி, யார் யார் பங்குதாரர், பாவு நூல் என்ன விலை வரைக்கும் போட்டிருந்தது. பின்னாடி ஒரு ஆராய்ச்சி மாணவி அதைத் தேடி வந்து நின்னாங்க. எங்க தேடியும் இன்னொரு பிரதி கிடைக்கல. நான் காப்பாத்தி வெச்ச நாவல் இன்னிக்கும் எல்லாக் கடையிலயும் தொங்குது.

நாம பண்றது பெரும்பாலும் தலைகீழ். ஊருக்கெல்லாம் கிடைக்கிற பெரிய புத்தகத்தை ஸ்கேன் பண்ண மெனக்கெடுறோம், நம்ம ஊர்ல மட்டும் இருக்குற சின்னத் தாளைக் கண்டம் பண்றோம். 1954ல வந்த சட்டப்படி இந்தியாவுல பதிப்பிக்கிற புத்தகம் ஒரு பிரதி சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும் போகணும், பதிப்பகம் போட்ட புத்தகம்னா அங்க இருக்க வாய்ப்பு உண்டு, ஆனா சங்க மலரும் கும்பாபிஷேக மலரும் போட்டவங்க யாரு தபால்ல அனுப்பிட்டு உக்காந்திருந்தாங்க. கோட்டையூர்ல ரோஜா முத்தையா செட்டியார் புத்தகத்தோட நாடக நோட்டீஸும் கல்யாணப் பத்திரிகையும் சேத்து வெச்சப்ப பாத்தவங்க என்ன சொல்லியிருப்பாங்க, இன்னிக்கு அந்தச் சேகரிப்பு மேலதான் 1994ல இருந்து ஒரு ஆராய்ச்சி நூலகமே நிக்குது. நம்ம ஊருக்கும் அப்படிப்பட்ட தாள் உண்டு. 1935ல தொடங்குன மாடர்ன் தியேட்டர்ஸ் படத்துக்குக் கொட்டகையில வித்த பாட்டுப் புத்தகம், 1944ல இதே சேலத்துல நீதிக்கட்சி திராவிடர் கழகம்னு பேரு மாத்துன காலத்துல வந்த கையடக்கத் துண்டுப் பிரசுரம், தேர்த் திருவிழா நோட்டீஸ். எல்லாமே மட்டமான தாள், எல்லாமே முதல்ல ஒடியப் போறது.

அதனால ஒவ்வொரு புத்தகத்துக்கும் நாங்க கேட்ட முதல் கேள்வி இது வேற எங்க இருக்குன்னுதான், எவ்வளவு கெட்டுருக்குங்கறது ரெண்டாவது. கடையில இருக்குன்னா வாங்கு. நெட்ல முழுசா இருக்கு, வாசகர் யாரும் கேக்கலன்னா தைரியமா கழி. தாள் நல்லா இருந்தா பைண்டு பண்ணு. எங்கயும் இல்லைன்னா அன்னிக்கே ஸ்கேன் பண்ணு, பண்ணுனதுக்கு அப்புறமும் தாளைத் தூக்கிப் போடாதே, பருத்தி நாடாவுல கட்டி அட்டைப் பெட்டியில படுக்க வை, ரப்பர் பேண்டு மட்டும் போடாதே, அது உருகி ஒட்டிக்கும். அம்மாபேட்டையில பருத்தி நாடாவுக்கா பஞ்சம்.

அந்தக் கணக்குல 340ல 150 கழிச்சாச்சு, 70 புதுசு வாங்க லிஸ்ட் போயிருச்சு, 60 பைண்டருக்கு, 38 ஸ்கேனுக்கு. செயலாளர் அண்ணனுக்கு 150 கம்மியாப் பட்டுச்சு, பெரியவருக்கு ரொம்ப அதிகமாப் பட்டுச்சு, முத்திரை குத்துன அன்னிக்கு அவர் வரவே இல்ல. மிச்சம் 22 இன்னும் திண்ணை மேசையில இருக்கு, அதுல அந்தக் கல்கித் தொகுப்பும் ஒண்ணு. தாள் மடிப்பு டெஸ்ட்ல ஃபெயில், பைண்டர் ஊசி போட மாட்டேன்னுட்டார். கதைக்காக இல்லாம படத்துக்காகவும் விளம்பரத்துக்காகவும் அதை ஸ்கேன் வரிசையில சேக்கணும்னு நான் சொல்றேன், தம்பி "அண்ணா, இது மட்டும் ரெண்டாயிரம் பக்கத்துக்கு மேல வரும்"ங்கறான். அவன் சொல்றதும் நெசம்தான், வர்ற ஞாயித்துக்கிழமை மொதல்ல நோட்டீஸ் கட்டை முடிச்சுட்டு அதுக்கப்புறம் பேசிக்கலாம்னு வெச்சிருக்கோம்.